பட்டாளத்துக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டேன். போனா என்ன நடக்கும்?

கச்சான்காத்து (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சேன், கணக்கு உயிரியல் குரூப். அப்பாவுக்கு நாட்டுப்படகு. அண்ணன் ஏற்கெனவே அவர்கூடத் தொழிலுக்குப் போறான். போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது “நான் பட்டாளத்துக்குப் போறேன்”னு சொல்லிட்டேன். அம்மா அழ ஆரம்பிச்சிருச்சு. அப்பா சோத்துல வச்ச கையை எடுக்காமலே “ஓட்டத்துல முதல்ல தேறு, அப்புறம் பார்ப்போம்”னாரு.

யூடியூப்ல பார்த்தா எல்லா வீடியோவும் பின்னணில மேளம் அடிச்சு, மலை மேல கொடி ஏத்துறதாவே இருக்கு. எனக்கு வேண்டியது அது இல்ல. தேர்வு எப்படி, ஓட்டம் எப்படி, உள்ள போனா முதல் மாசம் எப்படி இருக்கும், இந்தி தெரியாம சமாளிக்கலாமா, நாலு வருஷம் கழிச்சு என்ன? தினமும் காலைல மணல்ல ஓடுறேன். அது போதுமா?

இன்னொண்ணு. அப்பாவை ஒரு தடவை கடல்ல வச்சு அந்தப் பக்கம், இலங்கைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போயி ஒரு மாசம் கழிச்சு விட்டாங்க. இது எனக்குத் தடையா வருமா?

---

முன்னாள்_ஹவில்தார் (கமுதி)

தம்பி, 1991ல் சேர்ந்து 24 வருஷம் இருந்துட்டு வந்தவன். இப்ப நாலு ஆடும் ஒரு சீமைக்கருவேலங்காடும் வச்சிருக்கேன். காலைல எங்க ஊர்ப் பையன்கள் எட்டுப் பேருக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கிறேன். தெரிஞ்ச மட்டும் சொல்றேன்.

எங்க காலத்துல மைதானத்துக்குப் போய் நின்னா போதும். ஓடி ஜெயிச்சவன் கடைசில பரீட்சை எழுதுவான். 2023ல் இருந்து அது தலைகீழ். முதல்ல ஆன்லைன்ல பொது நுழைவுத் தேர்வு, அதுல தேறினவனைத்தான் மைதானத்துக்கே கூப்பிடுறாங்க. ஓட்டத்துல குதிரையா இருந்த எத்தனையோ பேர் இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கோட்டை விடுறான். ஜிடிக்கு, அதாவது பொதுப்பணிக்கு, 50 கேள்வி, 1 மணி நேரம், 100 மார்க். பொது அறிவு, அறிவியல், கணக்கு, கொஞ்சம் மூளைக்கு வேலை. தப்பு விடைக்கு மார்க் கழியும், அதனால தெரியாததைக் குத்துமதிப்பா தட்டாதே. 2025ல் இருந்து தமிழ்லயும் எழுதலாம்.

ராமநாதபுரம் மாவட்டம் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கீழ வருது. அறிவிப்பு எந்த ஊரு பேப்பர்ல வந்திருக்குன்னு தேடாம, ராணுவத்தோட சொந்த இணையதளத்துல பாரு.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். 400 மீட்டர் தடத்துல நாலு சுத்து. 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள முடிச்சா 60 மார்க், 5.45க்குள்ள முடிச்சா 48. புல்-அப் 10 எடுத்தா 40 மார்க், 6க்குக் கீழ போனா வீட்டுக்கு. அப்புறம் 9 அடி பள்ளம் தாண்டணும், வளைஞ்சு வளைஞ்சு போற கட்டை மேல விழாம நடக்கணும். அதுக்கு மார்க் இல்ல, தேறினாப் போதும்.

மணல்ல ஓடுறது கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனா மணல்ல எடுத்த நேரத்தை நம்பாதே. அங்க மெதுவா ஓடியே பழகின காலு, தடத்துல வேகம் எடுக்கத் தெரியாம முழிக்கும். வாரத்துல ரெண்டு நாளாவது ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துக்கு வந்து ஓடு. அங்க கையில வாட்சோட நாலு பேர் எப்பவும் இருப்பான்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. மைதானத்துல உன்னைத் தனியா ஓட விட மாட்டாங்க. கும்பலா விடுவாங்க. நடுராத்திரில இருந்து வரிசைல உட்கார்ந்து, தூக்கம் இல்லாம, விடியக் கருக்கல்ல ஓடுற ஓட்டம் அது. விசில் அடிச்சதும் முதல் சுத்துலயே எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி பறப்பான். முழங்கை இடிக்கும், ஒருத்தன் விழுவான், அவன் மேல நாலு பேர் விழுவான். நீ அவங்ககூடப் பறந்தா மூணாவது சுத்துல நெஞ்சு அடைக்கும். நேரம் முடிஞ்சதும் கயிறு போட்டுருவாங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னவன் பட்டாளம், அந்தப் பக்கம் நின்னவன் பஸ் ஸ்டாண்டு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் இருக்காது.

அப்பா விஷயம்: படிவத்துல கேக்குறது உன்னைப் பத்தித்தான், உன் மேல வழக்கு உண்டா, நீ கைதானது உண்டான்னு. எது கேட்டாலும் உள்ளதை எழுது. மறைச்சது பின்னாடி தெரிஞ்சா சேர்ந்த பிறகும் அனுப்பிருவாங்க.

---

சங்குக்காரன் (கீழக்கரை)

தம்பி, ஓட்டத்தை விடு. முதல்ல காதைப் பாரு.

என் கதை: 5 நிமிஷம் 20 செகண்ட். புல்-அப் 10. உயரம், மார்பு எல்லாம் சரி. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி “சேர்ந்த மாதிரிதான்”னு சொல்லிட்டேன். அக்கா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருச்சு. மறுநாள் மெடிக்கல். டாக்டர் வலது காதுல லைட் வச்சுப் பார்த்தாரு. திரும்பப் பார்த்தாரு. “டைவிங் போறியா?”ன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் பெருமையா ஆமான்னேன். 15 வயசுல இருந்து சங்கு குளிக்கப் போறவன். செவிப்பறைல ஓட்டையாம். எனக்கு வலி கிடையாது, காதும் நல்லாத்தான் கேட்டுச்சு. மேல்முறையீடு உண்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க, அங்க போயிப் பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னாரு.

தண்ணிக்குள்ள இறங்கி ஏறுற நம்ம பையன்கள் எல்லாருக்கும் சொல்றேன். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை பிரிவுல ஒரு சீட்டு போட்டுக் காட்டிருங்க. வெறும் அழுக்குன்னா எடுத்துருவாங்க, முடிஞ்சுது. கோழி இறகு, குச்சி விட்டுக் குடையாதீங்க. முன்கூட்டித் தெரிஞ்சா வைத்தியம் பார்க்கலாம். மிட்டாய் கொடுத்த பிறகு தெரிஞ்சா என்ன பண்றது?

அந்த மிட்டாய்க் காசை அக்கா இன்னும் சொல்லிக் காட்டுது.

---

முன்னாள்_ஹவில்தார்

சங்குக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு. மெடிக்கல்ல போறவன் ஓட்டத்துல போறவனுக்குக் குறைஞ்சவன் இல்ல. முட்டி ஒட்டுற காலு, தட்டைப் பாதம், விரை வீக்கம், நரம்பு சுருட்டு, மாறுகண், நிறம் தெரியாத கண்ணு, மூலம், உள்ளங்கை வியர்வை எல்லாம் பார்ப்பாங்க. வெக்கப்படாம ஊர் டாக்டர்கிட்ட ஒரு தடவை முழுசாக் காட்டிட்டுப் போ.

பச்சை குத்தியிருக்கியா? முன்கையோட உள்பக்கம், அப்புறம் புறங்கை, இந்த ரெண்டு இடம்தான் ஒத்துக்குவாங்க. எங்க பையன் ஒருத்தன் தோள்ல பெருசா ஒரு சிங்கத்தைக் குத்திக்கிட்டு வந்து நின்னான். சிங்கமும் அவனும் சேர்ந்தே திரும்பி வந்தாங்க.

உயரம் நம்ம பக்கத்துக்கு ஜிடிக்கு 166 சென்டிமீட்டர். மார்பு 77, மூச்சிழுத்தா 5 சென்டிமீட்டர் விரியணும்.

---

நிர்வாகி

ரெண்டு வேண்டுகோள். பணியில் இருப்பவர்கள் தங்கள் யூனிட், இப்போது இருக்கும் இடம் எதையும் இங்கே எழுத வேண்டாம். “பணம் கொடுத்தால் சீட்டு” என்று ஒரு எண் போட்டிருந்த பதிவை நீக்கிவிட்டேன். படையில் சேரக் காசு வாங்குகிறவன் எவனும் உங்களை உள்ளே விடப் போவதில்லை. உங்கள் பிள்ளை சொந்தக் காலில் ஓடித் தேறினால் ‘நான்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்பான், தேறாவிட்டால் போனை எடுக்கமாட்டான். அவ்வளவுதான் அந்தத் தொழில்.

---

கணக்கு_வாத்தி (பரமக்குடி)

எல்லாரும் ஓட்டம், காது, மூக்குன்னு பேசுறீங்க. பையன் கடைசியாக் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் வரல. நாலு வருஷம் கழிச்சு என்ன?

2022 ஜூன் 14 அன்னைக்கு அக்னிபத்னு நாலு வருஷ ஆள்சேர்ப்புத் திட்டத்தை அறிவிச்சாங்க. அதுல இருந்து சிப்பாயா சேர இதுதான் வழி. சம்பளம் முதல் வருஷம் மாசம் 30,000, அடுத்து 33,000, அப்புறம் 36,500, கடைசி வருஷம் 40,000. இதுல 30 சதவீதத்தை சேவா நிதிக்குப் பிடிச்சிருவாங்க. ஆக முதல் வருஷம் கையில வர்றது 21,000, கடைசி வருஷம் 28,000. பிடிச்ச பணம் நாலு வருஷத்துல 5 லட்சத்துச் சொச்சம், அதே அளவு அரசாங்கம் போடும், வட்டியோட 11.71 லட்சம்னு கணக்குச் சொன்னாங்க. வரி கிடையாது. சரி.

பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. நூறு பேர் போனா 25 பேருக்கு மேல நிரந்தரமாகாது. மீதி 75 பேர் 22, 23 வயசுல வீட்டு வாசல்ல வந்து நிப்பான். கூடப் படிச்சவன் டிப்ளமா முடிச்சு நாலு வருஷ அனுபவத்தோட இருப்பான். இவனுக்குத் துப்பாக்கியைப் பிரிச்சு மாட்டத் தெரியும். ராம்நாட்ல அதுக்கு என்ன வேலை இருக்கு, ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்றதைத் தவிர?

நான் நாட்டுக்கு எதிரா பேசல. கணக்கு மட்டும் பேசறேன்.

---

முன்னாள்_ஹவில்தார்

வாத்தியாரே, கணக்கு சரி. நான் பென்ஷன் வாங்குறவன், அதனால உங்ககிட்ட மல்லுக்கட்ட எனக்கு வாயில்ல. என் பென்ஷன்லதான் ரெண்டு பிள்ளைங்க படிச்சுது. இந்தப் பையன்களுக்கு அது இல்லைங்கிறது எனக்கும் வருத்தந்தான்.

ஆனா ஒண்ணு. நீங்க டிப்ளமாக்காரனோட ஒப்பிடுறீங்க. இவன் ஒப்பிடுறது படகோட. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் பெரிய படகு எதுவும் நகராது. மீதி மாசத்துல காத்து பார்த்து, டீசல் விலை பார்த்து, அந்தப் பக்கம் யார் நிக்கிறாங்கன்னு பார்த்துப் போகணும். மீன்பாடு இருந்தாத்தான் பங்கு.

---

கணக்கு_வாத்தி

அதுக்காக எரியுற கொள்ளில எது நல்ல கொள்ளின்னு தேடச் சொல்றீங்களா?

---

லீவுல_இருக்கேன்

அண்ணன்களே, நான் இப்ப அக்னிவீரா, அதாவது அந்த அக்னிபத்துல சேர்ந்த சிப்பாயா இருக்கேன். 2023ல் சேர்ந்தேன். லீவுல ஊருக்கு வந்திருக்கேன், திருப்புல்லாணி பக்கம். வாத்தியார் கணக்குக்குப் பதில் எங்கிட்டயும் இல்ல. முதல் அணிக்கு நாலு வருஷம் முடியுறது 2026 கடைசிலதான். 25ல் நான் ஒருத்தனா, 75ல் ஒருத்தனான்னு எனக்கே தெரியாது. அதனால இப்பவே தொலைதூரக் கல்வில பி.ஏ. சேர்ந்துட்டேன். மத்தியப் படைகள்ல கான்ஸ்டபிள் வேலைக்கு அக்னிவீரர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடுன்னு அப்பவே அறிவிச்சாங்க, அதுக்கும் ஒரு கண்ணு வச்சிருக்கேன். 21,000த்துல நான் செலவு பண்றது ரொம்பக் கம்மி. சோறு, துணி, இடம் எல்லாம் அவங்களோடது. வீட்டுக்கு அனுப்புறேன், தங்கச்சி நர்சிங் படிக்குது.

கச்சான்காத்து தம்பி முதல் மாசம் கேட்டிருந்தே. அதைச் சொல்றேன்.

ரயிலை விட்டு இறங்கினதும் ஸ்டேஷன்லயே லாரி நிக்கும். ஏறு. போன உடனே முடி. நாற்காலில உட்கார்ந்து எந்திரிக்க ஒரு நிமிஷம் ஆகாது. கண்ணாடில பார்த்தா அடையாளம் தெரியாது. பக்கத்துல இருக்கிறவனும் அதே மொட்டை. ராத்திரி பெரிய ஹால்ல வரிசையாக் கட்டில், ஒவ்வொண்ணு கீழயும் ஒரு கறுப்பு ட்ரங்குப் பெட்டி. லைட் அணைச்சு பத்து நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் மூலைல ஒருத்தன் மூக்கு உறிஞ்சுற சத்தம். எந்த ஊர்க்காரன்னு தெரியல, எந்த மொழில அழறான்னும் தெரியல. அது கேட்டதும் எனக்கும் வந்துருச்சு. ஆனா ஒரு மாதிரி தைரியமாவும் இருந்துச்சு.

காலைல நாலு மணிக்கு விசில். அதுக்குள்ள எந்திரிச்சு, தினமும் முகம் மழிச்சு (மீசை முளைக்காதவனும் மழிக்கணும்), கட்டில் விரிப்பை மூலை மடிச்சு, பூட்ஸ் பளபளன்னு நிக்கணும். பாத்ரூமுக்கு வரிசை. இதுதான் நிஜமான பரீட்சை. நான் ரெண்டாவது வாரத்துல இருந்து மூணே காலுக்கே எந்திரிச்சு வேலையை முடிச்சுட்டுத் திரும்பப் படுத்துக்குவேன். கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரம் ஒண்ணும் புதுசு இல்ல.

பயிற்சி கொடுக்கிறவரை உஸ்தாத்னு கூப்பிடணும். சாப்பாட்டுக் கூடம் லங்கர். தப்புப் பண்ணினா ரகடா. ரகடான்னா குட்டிக்கரணம், ஊர்ந்து போறது, கல்லு மேல முழங்கை. ஒருத்தன் லேட்டா வந்தா முப்பது பேருக்கும் ரகடா. அதனால ஒருத்தனை ஒருத்தன் எழுப்பி விடுவோம். முதல்ல கோபம் வரும், பிறகு அதுவே பழக்கமாயிரும்.

இந்தி: எனக்கு ஒரு எழுத்து தெரியாது. முதல் நாள் டிரில்ல உஸ்தாத் “பாயேன் முட்”னு கத்தினாரு. இடப்பக்கம் திரும்புன்னு அர்த்தம். நம்ம காதுக்கு “பாயேன், முட்டேன்”னு கேக்குது. நான் பாயவும் இல்ல, முட்டவும் இல்ல, முழிச்சுக்கிட்டு நின்னேன். இடது பக்கம் திரும்பின ஒடிசாக்காரன் என் மேல வந்து முட்டினான். ரெண்டு பேருக்கும் ரகடா. அவன்தான் இன்னைக்கு எனக்கு உயிர்த் தோழன். மூணு மாசத்துல பேச்சு வந்துரும். தப்பாப் பேசினா சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். பேசாம இருந்தாத்தான் தனியாப் போயிருவோம்.

எங்களுக்குப் பயிற்சி 31 வாரம். முதல் 10 வாரம் எல்லாருக்கும் பொது, அடுத்த 21 அவங்கவங்க வேலைக்கு ஏத்தது. முதல் 10தான் கஷ்டம். அஞ்சாவது வாரத்துக்கு மேல உடம்பு கேக்க ஆரம்பிச்சிரும். சாப்பாடு பருப்பு, ரொட்டி, சப்ஜி. எனக்குச் சோறு கிடைச்சா போதும்னு இருந்துச்சு. குழம்பு மீனை நினைச்சு ஒரு ராத்திரி தூக்கம் வரலன்னு சொன்னா நம்புவீங்களா?

ஒரு எச்சரிக்கை. முதல் மாசத்துலயே “வேண்டாம், வீட்டுக்குப் போறேன்”னு சொல்ற பையன்கள் உண்டு. நினைச்சா விட்டுட்டு வர்ற வேலை இல்ல இது. தவிர்க்க முடியாத காரணம் இருந்து மேலதிகாரி அனுமதிச்சாத்தான் இடையில விடுவாங்க. அப்ப நீ போட்ட பணமும் வட்டியும் வரும், அரசாங்கத்தோட பங்கு வராது. அப்புறம் நாலு வருஷம் முடியுற வரைக்கும் கல்யாணம் பண்ணக்கூடாது. யாரையாவது பார்த்து வச்சிருந்தா முன்னாடியே சொல்லிருப்பா.

---

கச்சான்காத்து

அண்ணே, கடைசி வரியை எங்க அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். இப்பத்தான் முதல் தடவை சிரிச்சுச்சு.

---

மண்டபத்து_அம்மா

நானும் ஒரு மிலிட்டரிக்காரன் அம்மாதான் தம்பி. என் தம்பி மகன்தான் இதை எனக்கு டைப் பண்ணிக் கொடுக்கிறான்.

என் மகன் 2023ல் போனான். அப்ப பாம்பன் பாலத்துல ரயில் ஓடல, பழைய பாலத்தை நிறுத்தி வச்சிருந்தாங்க. அதனால எல்லாரும் எங்க ஸ்டேஷனுக்குத்தான் வந்து ஏறுவாங்க. கூட்டம்னா கூட்டம். அதுல அவன் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியல. ரயில் போன பிறகுதான் பார்த்தேன், அவனுக்குக் கட்டின புளிச்சோறு என் கையிலயே இருக்கு.

போன் வராது. அதுதான் அம்மாமாருக்குக் கஷ்டம். ஆரம்பத்துல போனை வாங்கி வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பாங்க. நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வந்தா அவன் “சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேன்”னு ரெண்டு சொல்லுவான், அதுக்குள்ள பின்னாடி யாரோ கத்துவாங்க, வச்சிருவான். பக்கத்து வீட்டம்மா கேட்டா “அரை மணி நேரம் பேசினான்”னு சொல்லிக்குவேன்.

வருஷத்துக்கு 30 நாள் லீவு. அதுல போக வர ரயில்லயே நாள் போயிரும். திருவிழாவுக்கு வருவான், கிறிஸ்துமஸுக்கு வருவான்னு மனசுல நாள் குறிச்சு வைக்காதீங்க. அவங்க கொடுக்கிற நாள்தான் நமக்குத் திருவிழா. எங்க மாமனார் இறந்தப்ப அவன் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவன் கடற்கரைல தனியாப் போய் நின்னான். நான் கூப்பிடல.

உங்க அம்மாவை அழ வேண்டாம்னு சொல்லாதே தம்பி. அழட்டும். அழுது முடிச்சாத்தான் பலகாரம் சுட வருவாங்க.

---

வெள்ளைச்சட்டை

கச்சான்காத்து, நீ கணக்கு உயிரியல் குரூப்னு சொன்னே. பிளஸ் டூல இயற்பியல், கணக்கு ரெண்டும் இருக்கு. அப்ப ஏன் ராணுவத்தை மட்டும் பார்க்கிறே? நான் கடலோரக் காவல்படைல நாவிக், அதாவது மாலுமி. அக்னிபத் எங்களுக்குக் கிடையாது, நாலு வருஷத்துல கழட்டி விடுற பேச்சே இல்ல. அடிப்படைச் சம்பளம் 21,700, அதுக்கு மேல படிகள். வயசு 18ல் இருந்து 22. ஓட்டம் 1.6 கிலோமீட்டர் 7 நிமிஷத்துல, 20 தோப்புக்கரணம், 10 தண்டால். உடம்புக்கு ராணுவத்தை விடச் சுலபம், ஆனா எழுத்துத் தேர்வு கெட்டி. பத்தாவது மட்டும் படிச்சவங்களுக்கு டொமஸ்டிக் பிரிவு இருக்கு. சமையல், பரிமாறுறது மாதிரி வேலை, ஆனா அதே சீருடை.

முதல் பயிற்சி ஒடிசாவுல ஐஎன்எஸ் சில்கா. கடற்படை அக்னிவீரர்களுக்கும் அதே இடம்தான்.

நம்ம ஊர்ப் பையன்களுக்கு ஒரு நினைப்பு இருக்கு, “நாங்க கடல்லயே பொறந்தவங்க, எங்களுக்கு என்ன”ன்னு. நானும் அப்படித்தான் போனேன். வல்லத்துல ஆடுறது வேற, கப்பல்ல ஆடுறது வேற. வல்லம் அலையோட ஏறி இறங்கும், வானமும் தண்ணியும் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். கப்பலுக்குள்ள ஜன்னல் இல்லாத அறைல, டீசல் வாடைல, இரும்பு மெதுவாச் சாயும், யோசிச்சு யோசிச்சு நிமிரும். முதல் பயணத்துல மூணு நாள் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். கடலையே பார்க்காத ராஜஸ்தான்காரன் எனக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தான். அந்த அவமானத்தை என்னால இன்னும் ஜீரணிக்க முடியல.

நீச்சலும் அப்படித்தான். நமக்கு மூழ்காம இருக்கத் தெரியும். அங்க கேக்குறது முறையான நீச்சல், கை இப்படி, மூச்சு இப்படின்னு. புதுசாத்தான் கத்துக்கணும்.

மண்டபத்துல நம்ம படையோட நிலையம் இருக்கு, உச்சிப்புளில கடற்படை விமானத்தளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கு, வீட்டுப் பக்கத்துலயே போஸ்டிங் கிடைக்கும்னு கனவு காணாதே. குஜராத்தும் அந்தமானும் உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கு.

மீனவர் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி. தமிழ்நாடு போலீஸோட கடலோரப் பாதுகாப்புக் குழுமம் கடலோரக் காவல்படை, கடற்படைத் தேர்வுக்குன்னே இலவசப் பயிற்சி நடத்துது, மூணு மாசம், தங்கிப் படிக்கலாம். ராமநாதபுரத்துலயும் நடந்திருக்கு. மரைன் போலீஸ் ஸ்டேஷன்ல போய், அடுத்த அணி எப்பன்னு கேளு.

---

பாசிக்கடல்

நான் பாம்பன் பக்கம். அம்மா பாசி எடுக்கப் போறவங்க. நான் இப்ப பிளஸ் ஒன். பொண்ணுங்க போகலாமா? எங்க ஸ்கூல்ல கேட்டா சிரிக்கிறாங்க.

---

வெள்ளைச்சட்டை

தாராளமாப் போகலாம் தங்கச்சி. கடற்படைல அக்னிவீர் எஸ்எஸ்ஆர்னு பிளஸ் டூ முடிச்சவங்களுக்கான பிரிவுல முதல் அணிலயே பொண்ணுங்க சேர்ந்தாங்க. 2023 மார்ச் 28ல் சில்காவுல பயிற்சி முடிச்சு வெளிய வந்தவங்கள்ல 273 பேர் பொண்ணுங்க. பிளஸ் டூல கணக்கும் இயற்பியலும் வேணும். 1.6 கிலோமீட்டரை 8 நிமிஷத்துல ஓடணும். ராணுவத்துல மிலிட்டரி போலீஸ் பிரிவு இருக்கு, அதுக்குப் பத்தாவது போதும், உயரம் 162. சிரிச்சவங்களை ஒரு சுத்து ஓடச் சொல்லு.

---

சங்குக்காரன்

தங்கச்சி, நீயும் முக்குளிச்சா காதைப் பாரு!

---

கணக்கு_வாத்தி

இப்பத்தான் உருப்படியா ஒரு பதில் வந்திருக்கு. கடலோரக் காவல்படைத் தேர்வுக்குக் கணக்குல சந்தேகம்னா இங்கயே கேளு தம்பி, நான் சொல்லித் தர்றேன். பாசிக்கடல் நீயும் கேளும்மா. இயற்பியலுக்கு என் வீட்டம்மா இருக்காங்க.

கலாம் ஐயாவே டேராடூன்ல விமானப்படைத் தேர்வுக்குப் போய், 25 பேர்ல ஒன்பதாவதா வந்து, எட்டு இடம்தான் இருந்ததால திரும்பினவரு. ராமேஸ்வரத்துல இதைச் சொல்லாத மேடை இல்ல, அதனால நான் இதுக்கு மேல இழுக்கல. நான் சொல்ல வர்றது, ஒரே கதவுல போய் நிக்காதே.

---

முன்னாள்_ஹவில்தார்

பேப்பர் விஷயம் விட்டுப் போச்சு. இதுல கோட்டை விட்டவன் அதிகம். இனிஷியல்! பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல “எஸ்”னு ஒத்தை எழுத்து இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பிளஸ் டூல இனிஷியல் பின்னாடி போயிருக்கும். வடக்கத்தி கிளார்க்குக்கு நம்ம இனிஷியல் ஒரு புதிர். அவன் பார்வைல மூணும் மூணு ஆளு. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ப்படி திருத்திரு. பிறந்த தேதியையும் பாரு. அம்மா பேரையும் பாரு.

இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, திருமணமாகாதவர் சான்று எல்லாம் மைதானத்துக்கு வேணும். இ-சேவைல போட்டு வி.ஏ.ஓ., தாசில்தார்னு சுத்தி வர நாளாகும். நன்னடத்தையும் திருமணமாகாததும் ஆறு மாசத்துக்கு உள்ளதா இருக்கணும், அதனால ரொம்ப முன்னாடியும் வாங்காதே. என்சிசி சர்டிபிகேட் இருந்தா எடுத்து வை, கூடுதல் மார்க் உண்டு. போட்டோ ஒரு இருபது எடு, எல்லாம் ஒரே சட்டைல.

---

கச்சான்காத்து

மூணு வாரம் கழிச்சு வர்றேன். காது பார்த்தாச்சு. இடது காதுல அழுக்கு, எடுத்துட்டாங்க. டாக்டர் எடுத்ததைக் காட்டினாரு, ஒரு பட்டாணி அளவு! பஸ் ஸ்டாண்டு சத்தம் இவ்வளவு பெருசான்னு இப்பத்தான் தெரியுது. ஆதார்ல இனிஷியல் திருத்தக் கொடுத்திருக்கேன். ஸ்டேடியத்துல முதல் நாள் 6.20. மணல்ல ஓடினவனுக்கு இதுவான்னு அழுகையே வந்துச்சு. இப்ப 5.52. கடலோரக் காவல்படைக்கும் ராணுவத்துக்கும் ரெண்டுக்கும் போடப் போறேன். வாத்தியார் அனுப்பின கணக்கு நாற்பதுல இருபத்தாறு சரி.

அப்பா நேத்து என்னைக் கடலுக்குக் கூப்பிடல. அண்ணனை மட்டும் எழுப்பிக்கிட்டுப் போனாரு. கோபமான்னு அம்மாகிட்ட கேட்டேன். “ஓடுற பையன் தூங்கட்டும்னாரு”ன்னுச்சு.

இன்னொரு சந்தேகம். இன்னும் எதுவுமே ஆகல, அதுக்குள்ள அம்மா நெத்திலிக் கருவாடு காயப்போட ஆரம்பிச்சிருச்சு, போகும்போது கொடுத்து விடணும்னு. கொண்டு போகலாமா?

---

லீவுல_இருக்கேன்

வேண்டவே வேண்டாம். நான் கொண்டு போனேன். ட்ரங்குப் பெட்டிக்குள்ள மூணு பொட்டலம் போட்டுக் கட்டி, துணிக்கு அடில வச்சிருந்தேன். ரெண்டாவது நாள் பெட்டி சோதனை. உஸ்தாத் மூடியைத் திறந்தாரு, ஒரு அடி பின்னாடி போனாரு, எலி செத்துக் கிடக்குன்னு ஹால் முழுக்கக் காலி பண்ண வச்சுத் தேடச் சொன்னாரு. முப்பது பேர் தேடினாங்க. நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

பருப்புப்பொடி, ஊறுகாய், பூட்டு ரெண்டு, ஊசி நூல். அது போதும்.

---

மண்டபத்து_அம்மா

கருவாட்டை அம்மாவை எடுத்து வைக்கச் சொல்லு தம்பி. லீவுக்கு வரும்போது ஆகும்.